மஞ்சள் போட்டுப் பார்த்தேன்

பொறாமைதான். மனத்தாங்கல், ஆதங்கம் என்றெல்லாம் பெயர் மாற்றிச் சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு பழைய லேப்டாப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

என் கணவர் ஈஸ்வரமூர்த்தி கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். நல்ல மனுஷர். பொறுமை மட்டும் கிடையாது. சிக்னலில் நாற்பது விநாடி நிற்க முடியாமல் சந்துக்குள் புகுந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றி வருவார். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "சரி, முடிவ மட்டும் சொல்லு" என்பார். பத்தொன்பது வருஷத்தில் நான் பேசிய எதற்கும் அவர் நடுப்பகுதியைக் கேட்டதே இல்லை.

இப்படிப்பட்டவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து அந்த லேப்டாப்பை எடுப்பார். 2009-இல் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. கீல் உடைந்துவிட்டதால் திரையைச் சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் உள்ளே தட்டு கரகரவென்று சுற்றும். முழுசாகத் திறக்கப் பதினோரு நிமிஷம் ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினோரு நிமிஷமும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காலைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கிடைக்காத பதினோரு நிமிஷம்.

அதற்குள் 'மெர்லின்' என்று ஒரு கோப்புறை இருந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து ஒருமுறை பார்த்தேன். அந்தப் பெயரை நான் அதற்கு முன்பே கேட்டிருந்தேன். எங்கள் கல்யாண மேடையில் அவருடைய நண்பன் ஒருவன் கைகுலுக்கிவிட்டு, "ஏன்டா, மெர்லினுக்குப் பத்திரிகை வெக்கிலியா?" என்றான். இவர் மாலையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். நாகர்கோவில் பெண், கூடப் படித்தவள் என்பது மட்டும் பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, அதுல என்னதான் இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலேஜ் குப்பை."

குப்பையைப் பார்க்கப் பதினோரு நிமிஷம் காத்திருப்பவரை நான் எங்கும் கண்டதில்லை.

அவர் இல்லாதபோது இரண்டு தடவை நானே திறந்து பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு கிடையாது. அந்தப் பதினோரு நிமிஷமே போதுமான பூட்டு. ஆனால் மெர்லினைத் தட்டினால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். உள்ளே ஏதோ சொறிவதுபோலச் சத்தம் வரும். பயந்துபோய் அணைத்துவிடுவேன்.

எனக்கு வேலை நூல் மில்லில், தரப் பரிசோதனை. ஓடுகிற நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு முடிச்சை அவிழ்க்க முடியாமல் பத்தொன்பது வருஷம் இருந்தேன்.

இந்த வருஷம், 2034 தைப்பூசத்துக்கு, அவர் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். வருஷா வருஷம் போவதுதான். மாலை போட்டு, காவடிக் குழுவோடு ஐந்து நாள் நடை. குருசாமியின் கட்டளைப்படி யாரும் போன் எடுத்துப் போகக்கூடாது. மகள் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். வீட்டில் நானும் லேப்டாப்பும் மட்டும்.

கல்யாண நாள் மாசி மாதம் வருகிறது, பரிசாக, சுற்றுகிற பழைய தட்டுக்குப் பதில் வேகமான புது எஸ்.எஸ்.டி. போட்டுக்கொடுத்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தை நம்பக்கூடச் செய்தேன். அவர் சிங்காநல்லூர் தாண்டியிருக்க மாட்டார், நான் காந்திபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் பெயர் சபரிநாதன். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் பட்டையாகத் திருநீறு. லேப்டாப்பைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இத அம்மிக் கல்லுக்குப் பதிலா வெச்சிருந்தீங்களா?"

"வேகமா தொறக்கோணும். உள்ள இருக்கறது ஒன்னும் போகக்கூடாது."

வயரைச் செருகி அரைமணி நேரம் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க்குல கால்வாசி எடம் செத்துப்போச்சுங்க்கா. சாதா எஸ்.எஸ்.டி. போட்டா படிக்க முடிஞ்சத மட்டும் காப்பி பண்ணும், மிச்சமெல்லாம் ஓட்டையாத்தான் இருக்கும். அதுவும் இந்தப் பழைய மாடலுக்குப் பொருந்தறதுல எங்கிட்ட ஒரு ரகந்தான் கெடக்குது. இது ஓட்டைய ரொப்பிக்கும்."

"ரொப்பிக்கும்னா?"

"மிசின்ல மத்த எடத்துல என்ன இருக்குதுன்னு பாக்கும். நீங்க எதையத் தேடறீங்கன்னு பாக்கும். ஓட்டை விழுந்த எடத்துல என்ன இருந்திருக்கும்னு அதுவே யோசிச்சு எழுதிக்கும். போட்டோவுல மூக்கு போயிருந்தா மூக்கு வெச்சுக்கும். போன மாசம் ஒருத்தரு அவங்கப்பா போட்டோ கொண்டாந்தாரு, பாதி மூஞ்சி இல்ல. ரொப்பிக் குடுத்தேன். பாத்துட்டு ஓன்னு அழுதாரு, அப்படியே அப்பாதானுங்கன்னு."

"நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். பொறகு பாத்தா அது அவங்க சித்தப்பா மூக்காம். மிசின்ல சித்தப்பா போட்டோதான் நெறைய இருந்திருக்குது." சபரிநாதன் சிரித்தார். "அதுக்குத்தான் ஒரு வசதி வெச்சிருக்கறாங்க. மஞ்சள் போடறது. ரொப்புன எடமெல்லாம் மஞ்சளாத் தெரியும், நெசமா இருந்தது வெள்ளையாவே இருக்கும். போடட்டுங்களா?"

கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவுகிற மாதிரி லேப்டாப் முழுக்க மஞ்சள் திட்டுத்திட்டாகத் தெரிவதை நினைத்துப் பார்த்தேன். அவர் திரும்பி வந்து திறந்த உடனேயே, யாரோ எதையோ கிளறியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

"வேண்டாம். பளிச்சுனு இருக்கட்டும்."

"எல்லாரும் அதையேதானுங்க்கா சொல்றாங்க" என்றார் சபரிநாதன். நூலில் குறை இருந்தால் சிவப்பு மையால் அடையாளம் போடாமல் விடமாட்டேன் நான். அன்றைக்கு அடையாளம் வேண்டாம் என்றேன்.

பழைய தட்டை அவரே எடுத்துக்கொண்டார். அதிலுள்ள காந்தத்துக்கு ஆள் இருக்கிறதாம். கீலையும் சரிசெய்து கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் மில்லிலிருந்து வந்ததும் சுவிட்சைப் போட்டேன். ஒன்பது நொடி. கரகரப்பு இல்லை, சூடு இல்லை. 'மெர்லின்' என்று தேடும் பெட்டியில் அடித்தேன். கோப்புறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி திறந்தது. உள்ளே நான்கு கடிதங்கள்.

முதல் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். இரண்டாவதை உட்கார்ந்து படித்தேன்.

'ஏனுங்க, பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் பக்கத்து சீட்டில் பையை வைத்து உங்களுக்கு இடம் பிடிக்கிறேன். பல்லடம் வருவதற்குள் யாராவது தூங்குகிற என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாளைக்கும் பிடிப்பேன்.'

பல்லடம் பஸ்ஸா! நான் மில்லுக்குப் போகிற அதே பஸ்ஸில் அவளும் போயிருக்கிறாளா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லூரிக்காரிக்குப் பல்லடம் பக்கம் என்ன வேலை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பேய் மட்டும்தான் தெரிந்தது, இருட்டுகூடத் தெரியவில்லை.

இன்னும் தேடினேன். 'காதல்' என்று அடித்தேன். 'பிரியம்' என்று அடித்தேன். 'முத்தம்' என்று அடித்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தேடத் தேடக் கிடைத்தது. மறுநாள் பதின்மூன்று கடிதங்கள் இருந்தன. நாலாம் நாள் முப்பத்தெட்டு. பழைய தட்டு மறைத்து வைத்திருந்ததை இந்தப் புதுசு அக்கறையாகத் தோண்டி எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

'உங்கள் சட்டை ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.'

'இன்று சந்தகை பிழிந்தேன். கட்டையை அழுத்த நீங்கள் இல்லாமல் தோள் விட்டுப்போயிற்று. உங்கள் பங்கையும் தட்டில் வைத்துவிட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்து எடுத்தேன். அத்தை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.'

சந்தகையைப் படித்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது எங்கள் கொங்கு ஊர்ப் பலகாரம், இடியாப்பம் மாதிரி. நாகர்கோவில்காரி அதையும் கற்றுக்கொண்டுவிட்டாளே, அவருக்காக! அந்த அத்தை யார்? எங்கள் அத்தையா? செத்துப்போன என் மாமியாருக்கும் இது தெரியுமா? அப்படியென்றால் எல்லாரும் சேர்ந்து என்னை மட்டும் முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோபத்துக்கு நடுவில் அந்தக் கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஒரு பொம்பளை இவ்வளவு பிரியத்தை இத்தனை சின்னச் சின்ன விஷயத்தில் வைத்துச் சொல்ல முடியுமா என்றிருந்தது. எனக்கு இப்படி ஒரு வரி எழுத வருமா என்று நினைத்தேன். வராது என்று தோன்றியது. அப்போதுதான் அழுகை வந்தது.

பெட்டி கட்டினேன். நாலு சேலை, மகளின் சான்றிதழ்கள், என் நகை. கோபியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நாளன்னிக்கு அங்க வரேன். கொஞ்ச நாளு இருப்பேன்."

"வா சாமி. ஏன், மாப்பிள்ளையோட எதாச்சும் சண்டையா?"

"அவரு வந்ததும் பேசிட்டு வரேன்."

"எதுவா இருந்தாலும் கையில ஆதாரம் வெச்சுட்டுப் பேசு கண்ணு. பின்னால நம்மளத்தான் பைத்தியங்கும் ஊரு."

அண்ணன் வக்கீல் குமாஸ்தா. ஆதாரம் என்றால் அசல். அசல் அந்தப் பழைய தட்டில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி காந்திபுரம் போனேன்.

சபரிநாதனிடம் வெட்கத்தை விட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் இரண்டு கடிதம் படித்தார். மேலே படிக்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவங்க எந்த ஊருங்க்கா?"

"நாகர்கோவில்."

"நாரோயில்க்காரங்க 'ஏனுங்க'ன்னு எழுதுவாங்களா? எங்க சகலையே அந்த ஊருதான். இருபது வருஷமா இங்க இருக்கறாரு, இன்னும் ஒரு தடவ வாய்ல வரலீங்க."

"மஞ்சள் போடுங்க" என்றேன்.

அவர் விசைப்பலகையில் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினார். கடிதம் மேலிருந்து கீழ்வரை மஞ்சளாயிற்று. அடுத்த கடிதம், அதுவும் மஞ்சள். பஸ், சட்டை, சந்தகை, அத்தை, எல்லாம் மஞ்சள். முப்பத்தெட்டையும் புரட்டினோம். அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு வரிதான் வெள்ளையாக இருந்தது: 'ஈஸ்வர், லேப் ரெக்கார்டு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் - மெர்லின்.'

"நீங்க நெறையத் தேடுனீங்களாக்கா?"

'முத்தம்' என்று அடித்தது ஞாபகம் வந்து, தேடும் பெட்டியைக் கையால் மறைத்தேன்.

"இது தேடறதத்தான் ரொப்பும். நீங்க ஒரு தடவ கேட்டா ஒன்னு எழுதி வெக்கும். அம்பது தடவ கேட்டா, பாவம், இவங்களுக்கு இது ரொம்ப வேணும்போலன்னு அம்பது எழுதி வெக்கும். எதுல இருந்து எடுத்துதுன்னும் பாக்கலாம்." மஞ்சள் வரி ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

பக்கத்தில் இன்னொரு கடிதம் திறந்தது. 2015, ஐப்பசி. 'ஏனுங்க, இன்னைக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.' கடைசியில் பெயர்: கோகிலவாணி.

நான்தான் கோகிலவாணி.

கல்யாணமான மூன்றாவது மாதம் அவர் மஸ்கட்டுக்குப் போனார். பாலைவனத்தில் பம்ப் நிறுவும் வேலை, இரண்டு வருஷம். முகாமில் போன் எடுக்காது; வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து இந்த லேப்டாப்பில் மெயில்களை இறக்கி எடுத்துப்போவார். நான் தினமும் எழுதினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் அனுப்புவார்: 'சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.' எட்டு மாதம் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியதை அவர் கேட்கவும் இல்லை. அதற்கப்புறம் நான் அவற்றை நினைத்ததே இல்லை, நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன்.

"அந்த மிசின்ல பிரியமா எழுதுனதுன்னு பாத்தா உங்களுது மட்டுந்தானுங்க்கா இருக்குது" என்றார் சபரிநாதன் மெதுவாக. "அதையப் பிச்சுப் பிச்சு அவங்க பேருல ஒட்டி வெச்சிருச்சு. சித்தப்பா மூக்கு மாதிரி."

"அப்ப அந்த எடத்துல நெசமா என்னதான் இருந்துச்சு?"

"அது பழைய தட்டுக்குத்தான் தெரியும். நேத்தே ஒடைச்சாச்சுங்க்கா."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செய்தும் பார்த்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அவமானமாக இருந்தது, அதற்கெல்லாம் அடியில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எனக்கு எழுத வரும்.

"இதையெல்லாம் அழிச்சுரட்டுங்களா?"

"வேண்டாம். வீட்டுக்குப் போயி நானே அழிச்சுக்கறேன்."

இன்னொரு தடவை படித்துவிட்டு அழிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மூன்று விசை எவை என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மஞ்சளை நீக்கிவிட்டு, மேசைமேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் "வேலுக்கு அரோகரா" என்று குரல் கேட்டது. ஒருநாள் முன்னதாகவே தரிசனம் கிடைத்துவிட்டதாம், பஸ்ஸில் வந்துவிட்டார். எழுந்து ஓடினேன். காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கால் முழுக்கக் கொப்புளம். அந்தக் காலைப் பார்த்ததும், கட்டி வைத்த பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட வேண்டும் என்று தோன்றியது. தள்ளினேன்.

"பஞ்சாமிர்தம் ஆறிப்போறதுக்குள்ள குடுத்துட்டு வந்துரு" என்றார். பஞ்சாமிர்தம் ஆறாது, இவருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். பழனிக்குப் போய்வந்தால் பிரசாதம் முதலில் அக்கம்பக்கத்துக்குப் போக வேண்டும் என்பது எங்கள் தெருவில் வழக்கம். பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கால்வலி எப்படி, கூட்டம் எப்படி என்று விசாரித்தார்கள். நான் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அவர் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, மேசைமுன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காபி இல்லை. கால் ஆடவில்லை.

"வாணி, இத நீ சரிபண்ணுனியா?"

"கல்யாண நாளுக்குன்னு..." என்று இழுத்தேன்.

"இங்க வா. உக்காரு." திரும்பினார். கண் சிவந்திருந்தது. "உங்கிட்ட மறைக்கிறதுக்கு ஒன்னுமில்ல. இந்தப் புள்ள கூடப் படிச்சா. நாந்தான் பின்னாலயே சுத்துனேன். கடைசி வருஷம் இவ எனக்கு எதோ எழுதி ஒரு சீடியில போட்டுக் குடுத்தா. மிசின்ல ஏத்துனேன், தொறக்கவே இல்ல. அதுக்குள்ள அவ கெளம்பிப் போயிட்டா. கனடாவோ எங்கயோ. ஒரு தகவலும் இல்ல. என்ன எழுதியிருந்தான்னு தெரியாமயே போயிருச்சு. மாசத்துக்கு ஒருக்கா தட்டித் தட்டிப் பாப்பேன், எப்பவாச்சும் தொறந்துராதான்னு."

அப்படியானால் என் பொறாமை பொய்யில்லை. இடம்தான் தப்பு.

"இன்னைக்குத்தான் தொறந்துச்சு. எனக்கு இப்படி யாரும் எழுதுனதே இல்ல வாணி."

பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. தனக்கே தெரியாமல் ஒரு கத்தியை எடுத்து எனக்குள் வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். கடவுள் சாட்சியாகக் கொடுத்தேன்.

"சந்தகைன்னு ஒரு எடத்துல வருமே, பாத்தீங்களா?"

"நீயும் படிச்சியா? ஆமா. நாரோயில்க்காரி, சந்தகையெல்லாம் எங்க கத்துக்கிட்டாளோ. எனக்காகத்தான் கத்துக்கிட்டிருப்பா." கொஞ்சம் நிறுத்தி, "உனக்குக் கோவமில்லியே?" என்றார்.

மூன்று விசை. ஒரு நொடி போதும், எல்லாம் மஞ்சளாகிவிடும். கை மேசை விளிம்புவரை போயிற்று. அழுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "ஓ, நீ எழுதுனதா" என்றிருப்பார். அந்த 'ஓ'வை என்னால் தாங்கியிருக்க முடியாது.

"கோவமெல்லாம் இல்லீங்க. சாப்பிட வாங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். படிக்கவில்லை, தட்டச்சு செய்தார். மத்தியானம்வரை செய்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "இரு, வரேன்" என்றார். திங்கட்கிழமை மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அதைத் திறந்தேன். மெர்லின் கோப்புறையில் புதிதாக ஒன்று இருந்தது. அனுப்ப முகவரி இல்லாத பதில்.

'மெர்லின், பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்தது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் பல்லடத்தில் ஏறியிருப்பேன். யாராவது எழுப்பினால் சண்டை போடு. அந்த இடம் என்னுடையது என்று சொல். சட்டையைத் துவைத்துவிடாதே. சந்தகைத் தட்டிலிருந்து என் பங்கை எடுத்துவிட்டாய் என்று படித்தபோது எனக்குச் சாப்பிட முடியவில்லை. இனிமேல் எடுக்காதே. நான் வந்து சாப்பிடுகிறேன்.'

இப்படியே நாலு பக்கம். முடிவை மட்டும் சொல்லவில்லை, நடுப்பகுதி முழுவதும் இருந்தது.

மூன்று விசைகளை அழுத்திப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மஞ்சளாகவில்லை. எல்லாம் அவரே எழுதியது. பிறகு 2015-க்குப் போய், எனக்கு அவர் அனுப்பிய பதில்களைத் திறந்து அங்கும் மஞ்சள் போட்டேன். 'சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.' 'சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.' அதுவும் வெள்ளை. எல்லாமே அசல்.

அந்த நாலு பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் இடம் பிடித்தவள் நான். சட்டையை வைத்திருந்தவள் நான். பதில் எனக்கு வந்ததுதான், பத்தொன்பது வருஷம் தாமதமாக வந்தது என்று ஒரு மனசு சொல்லும். மேலே இருக்கிற பெயரைப் பார் என்று இன்னொரு மனசு சொல்லும். கனடாவில் யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருக்கும், ஒரு லேப் ரெக்கார்டு கேட்டதைத் தவிர எனக்குத் தெரிய ஒரு பாவமும் செய்யாத அந்தப் பெண்ணின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த சாமியும் மன்னிக்காது. என் பிரியத்தைப் போட்டுக்கொண்டு அவள் என் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணனுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். பெட்டியைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் வைத்தேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கடிதத்துக்கு ஒரு பதில். ஒவ்வொரு திங்களும் நான். அவரிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. சிக்னலில் நிற்கிறார். போன மாதம் மில்லில் நடந்த ஒரு தகராறை நான் சொன்னபோது முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்பறம்?" என்றார். மகள் விடுமுறைக்கு வந்தபோது, "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு, பேசறாரு?" என்று கேட்டாள். பழனி முருகன் அருள் என்றேன்.

நேற்று முப்பத்தெட்டாவது கடிதத்துக்குப் பதில் எழுதி முடித்தார். எஸ்.எஸ்.டி.யில் இனி ரொப்புவதற்கு ஓட்டை இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு அலமாரிவரை போனவர், "அவ்வளவுதான் போல" என்றார் யாரிடமோ. ராத்திரி சாப்பிடும்போது நான் பேசிக்கொண்டிருந்ததற்கு நடுவில், "சரி, முடிவ மட்டும் சொல்லு" என்றார்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். லேப்டாப்பைத் திறந்து புதுப் பக்கம் ஒன்று எடுத்து, அவர் கல்லூரியில் இருந்த வருஷமாகப் பார்த்து, தேதியை 2012 என்று போட்டேன். 'ஏனுங்க' என்று ஆரம்பித்தேன். பத்தொன்பது வருஷமாக எழுதாத கை. முதலில் கொஞ்சம் தடுமாறியது, பிறகு நிற்கவில்லை. இரண்டு பக்கம் வந்தது. அடுத்த பாதயாத்திரையில் கால் கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று கை எழுதப் போனது. அது மெர்லினுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.

கடைசியில் பெயர் போட வேண்டிய இடத்தில் விரல் தானாக 'கோ' என்று அடித்தது. அதை அழித்துவிட்டு, மெர்லின் என்று அடித்தேன்.

மஞ்சள் போட்டுப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.